முன்ஷி அப்துல்லாஹ் கண்ட புதுப் பட்டணம்

ஈப்போவிலும், ஒரு காலத்தில் ரப்பர் தோட்டங்களாயிருந்து பின்னர் செம்பனைக் காடுகளாகவும் குடியிருப்புகளாகவும் மாறிவிட்ட பேராக்கின் பல ஊர்களிலும் கடை வைத்த நம் முன்னோரில் பெரும்பாலோர் சபராளிகளாக வந்தவர்களே. சில வருஷம் இருந்து, நாலு காசு சேர்த்துக்கொண்டு ஊர் திரும்புவதே அவர்களுடைய எண்ணம். கப்பலை விட்டிறங்கிய அன்று அவர்கள் கண்டதென்ன, நினைத்ததென்ன என்று கேட்டால் நம்மில் பலருக்கு விடை தெரியாது. காரணம், அவர்கள் எழுதி வைக்கவில்லை. அவ்வாறு எழுதி வைத்த ஒருவரின் சரிதையை அன்பர்களுக்கு எடுத்துரைக்க விரும்புகிறோம். அவரே முன்ஷி அப்துல்லாஹ் அவர்கள்.

அன்னார் 1796-ம் வருஷம் மலாக்காவில் பிறந்தார். அவருடைய கொள்ளுப்பாட்டனார் எமன் தேசத்து அரபியர். நாகூரில் தங்கித் தமிழ்ப் பெண்ணை மணந்தவர். அவர்களுடைய மக்களில் ஒருவர் மலாக்கா வந்து குடியேற, அந்த வழியில் தோன்றியவர் அப்துல்லாஹ். குர்ஆன் ஓதியபின், தந்தையார் அவரை இரண்டரை வருஷம் தமிழ் படிக்க வைத்தார். அக்காலத்து மலாக்காவில் வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகள் தமிழ் கற்பது வழக்கம். கணக்கெழுதவும், ஊர் நிறைந்திருந்த இந்திய வியாபாரிகளுடன் பேசவும் அது தேவைப்பட்டது. பின்னர் கோட்டையிலிருந்த கும்பினிச் சிப்பாய்களுக்கு மலாய் கற்பித்தார். முன்ஷி என்ற பட்டம் அவர்கள் வழங்கியதே. அவர்களிடம் இந்துஸ்தானியும், பாதிரிமார்களிடம் ஆங்கிலமும் அச்சுத் தொழிலும் கற்றுக்கொண்டார்.

1819-ல் ஆங்கிலேயர் சிங்கப்பூரில் கொடி நாட்டினர். மலாக்காவோ 1818 முதல் மீண்டும் டச்சுக்காரர் கையில் இருந்தது. ஆகவே சிங்கப்பூர் செல்வது அந்நியர் ஆட்சிக்குட்பட்ட ஊருக்குச் செல்வதேயாம். டச்சுக்காரர் விரும்பாவிடினும், மலாக்கா மக்கள் பிழைப்பைத் தேடிப் படகேறினர். அப்துல்லாஹ்வும் குடும்பத்தை மலாக்காவில் விட்டுவிட்டு, தற்காலிகமாகவே அங்கு சென்றார்.

புதுப் பட்டணம் அவருக்கு எப்படிக் காட்சியளித்தது? எங்கும் புதர்க்காடு, உணவுப் பொருள்களோ கடும் விலை, எலிகளோ ஆயிரக்கணக்கில். ஒரு நடுநிசியில் பூனையின் அலறல் கேட்டு விளக்குடன் சென்ற அவருடைய நண்பர், ஆறேழு எலிகள் அப்பூனையைச் சூழ்ந்து கடிப்பதைக் கண்டார். அதிகாரியான பர்க்குவார் துரை, கொன்று கொண்டுவரும் எலி ஒன்றுக்கு ஒரு வாங் காசு என்று அறிவித்தார். பிறகு பூரான்களுக்கும் அவ்வாறே காசு கொடுத்தார். இவ்வளவு சிறிய விஷயங்களையும் அப்துல்லாஹ் விடவில்லை. புகிஸ்காரர்களின் கப்பலில் அடிமைகள் விற்கப்படுவதைக் கண்டு மனம் கலங்கி, அதை ராபிள்ஸ் துரையிடம் எடுத்துரைத்ததையும் எழுதியிருக்கிறார்.

1823-ல் ராபிள்ஸ் சிங்கப்பூரை விட்டுப் போனார். அதன்பின் ஐரோப்பிய வியாபாரிகளுக்கு மலாய் கற்பித்தும், கடிதங்கள் எழுதிக் கொடுத்தும் அப்துல்லாஹ் ஜீவித்தார். பிறர் சரக்கை முதலாக்கினர். அவருக்குப் பல மொழியறிவே முதல். அதே வருஷங்களில் தென்னிந்தியச் சூலியா வியாபாரிகளும் அங்கே வேரூன்றி, 1826-ல் ஜாமிஆ பள்ளிவாசலையும், 1828-க்கும் 1830-க்கும் இடையில் நாகூர் தர்காவையும் எழுப்பினர்.

தற்காலிகமாக வந்தவர் மலாக்காவுக்கும் சிங்கப்பூருக்குமாக ஏறத்தாழ இருபது வருஷம் அலைந்தார். 1840-ல் அவருடைய மனைவி பிரசவத்தில் வபாத்தானார். அதன் பிறகே அவர் சிங்கப்பூரை நிரந்தர வாசஸ்தலமாகக் கொண்டார். ஊரில் குடும்பமும் சீமையில் கடையுமாக வாழ்ந்த நம்மவர்களுக்கு இத்துயரம் புதிதன்று. போகிறவனுக்குப் பிழைப்பு, இருப்பவளுக்குக் காத்திருப்பு. இந்தக் கணக்கு எந்தப் பேரேட்டிலும் ஏறுவதில்லை.

அவ்வருஷத்திலேயே தம் வரலாற்றை எழுதத் தொடங்கி 1843-ல் முடித்தார். 1849-ல் அச்சேறிய அந்த நூலே ஹிகாயத் அப்துல்லாஹ். தாம் நேரில் காணாதவற்றைப் பிறர் சொல்லக் கேட்டு எழுதிய இடங்களில் பிழைகள் உண்டென்றும், ஆங்கிலேயரை அளவுக்கு மீறிப் புகழ்ந்தாரென்றும் ஆராய்ச்சியாளர் கூறுவர். ஆயினும், அந்த ஊரின் ஆரம்ப நாட்களை அறிய விரும்புவோர் இன்றும் அவரிடமே வருகின்றனர். 1854-ல் ஹஜ்ஜுக்குப் புறப்பட்டவர், அப்பயணத்திலேயே அரபு மண்ணில் வபாத்தானார்.

சிங்கப்பூர் ஆற்றின் முகத்துவாரத்தில் பழைய எழுத்துப் பொறித்த பாறையொன்று இருந்தது. யாரும் படித்தறியுமுன்பே, 1843-ல் அதை வெடிமருந்து வைத்துத் தகர்த்துவிட்டனர். அப்துல்லாஹ் அதற்காக மிகவும் வருந்தினார்.

நம் வீட்டுப் பரண்களிலும் அப்படிப்பட்ட பாறைகள் உண்டு. பாட்டனார் எழுதிய பற்றுவரவுப் புத்தகம், ஊரிலிருந்து வந்த கடிதம், கப்பல் சீட்டு ஆகியவை கறையான் வாய்க்கும் குப்பைக் கூடைக்கும் போகுமுன் எடுத்து வையுங்கள். பெரியவர்கள் இருக்கும்போதே, வந்திறங்கிய நாளைப் பற்றிக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். விலைவாசி, படுத்த இடம், முதல் சம்பளம் எதையும் அற்பமென்று விட்டுவிட வேண்டாம். எலிக்குக் கொடுத்த காசைக்கூட எழுதிய ஒருவரால்தான், ஒரு பட்டணத்தின் பிள்ளைப்பிராயம் நமக்குத் தெரிகிறது.