சுசன்னா வெஸ்லி அம்மையாரும் வீட்டுக் கணக்கும்

1814இல் வில்லியம் ஓல்ட் போதகர் மட்டக்களப்புக்கு வந்தது முதல் நமது வாவிக்கரையில் மெதடிஸ்த சபையும் பாடசாலைகளும் வளர்ந்த வரலாற்றை இம்மலரின் வாசகியர் நன்கறிவர். அச்சபைக்கு வித்திட்ட ஜோன் வெஸ்லியையும் அறிவர். அவருடைய தாயார் கடன்பட்ட ஒரு வீட்டை எப்படி நடத்தினார் என்பதுதான் அதிகம் பேசப்படுவதில்லை.

சுசன்னா அம்மையார் 1669இல் லண்டனில், ஒரு போதகரின் 25ஆவது பிள்ளையாகப் பிறந்தார். 1688இல் சாமுவேல் வெஸ்லியை மணந்தார். பெற்ற பிள்ளைகள் 19. பிழைத்தவர்கள் 10 பேர். கணவர் எப்வேத் என்னும் ஊரின் குருவானவர். கல்விமான், கவிஞர், நல்ல மனிதர். ஆனால் காசு அவர் கையில் தங்காது. 1700ஆம் ஆண்டளவில் கடன் 300 ஸ்ரேர்லிங் பவுண். வருமானமே இல்லாத வீடல்ல. வரவுக்கு முன்னே செலவு ஓடிய வீடு. லூக்கா சுவிசேஷத்திலே தமது ஆஸ்தியால் ஆண்டவருக்கு ஊழியஞ்செய்த சூசன்னாள் ஒருவர் உண்டு. நமது அம்மையாருக்குக் கிடைத்தது அந்தப் பெயர் மட்டுமே.

1705இல், 30 பவுணுக்கும் குறைந்த ஒரு கடனுக்காகக் குருவானவரைப் பிடித்து லிங்கன் கோட்டைச் சிறையில் அடைத்தார்கள். அம்மையார் கையிற் பணமில்லை. தம் மோதிரங்களைக் கழற்றி அனுப்பினார். கணவர் அவற்றைத் திருப்பி அனுப்பிவிட்டார். அதே நாட்களில் பகைவர் யாரோ இரவில் வந்து கறவைப் பசுக்களைக் குத்திவிட்டுப் போனார்கள். பிள்ளைகளின் வயிற்றுக்குப் பெரிய ஆதாரம் அந்தப் பால்தான்.

யோர்க் பிரதம பேராயர் ஷார்ப், உணவுக்கு எப்போதாவது தட்டுப்பாடு வந்ததா என்று அம்மையாரிடம் விசாரித்தார். அப்பம் இல்லாமற் போனதில்லை. ஆனால் உண்ணுமுன் அதைத் தேடும் கவலையும், உண்டபின் அதற்குக் காசு கொடுக்கும் கவலையும் சேர்ந்து அதன் ருசியைக் கெடுத்துவிட்டன என்பதே அவர் பதிலின் சாரம். காப்பும் சங்கிலியும் அடகுக் கடையில் இருக்க உலை வைத்தவர்களுக்கும், வாரக் கடன் அறவிட வருபவரின் மோட்டார் சைக்கிள் சத்தத்துக்குக் காது கொடுத்திருப்பவர்களுக்கும் இதை விளக்க வேண்டியதில்லை.

கணவரின் கையைத் திருத்த அம்மையாரால் முடியவில்லை. பிள்ளைகளின் கையைத் திருத்தினார். காலையும் மாலையும் தனி ஜெபத்துக்கு நேரம் குறித்த அதே ஒழுங்கில் வீட்டுப் பள்ளியையும் நடத்தினார். பிறர் பொருள் ஒரு குண்டூசியானாலும், ஒரு சல்லிக் காசானாலும் அனுமதியின்றி எடுக்கக் கூடாது. கொடுத்த வாக்கைக் காக்க வேண்டும். நன்றாக வாசிக்கப் பழகும் வரை பெண்பிள்ளையை வேலைக்குப் பழக்கக் கூடாது. 1732இல் ஜோனுக்கு எழுதிய கடிதத்தில் இவ்விதிகள் இருக்கின்றன. கடைசி விதி அக்காலத்துக்குப் பெரிய துணிவு.

1735இல் கணவர் காலமானார். 15 பவுண் குத்தகைப் பாக்கிக்காக 40 பவுணுக்கு மேற்பட்ட கால்நடைகளை நிலத்துக்காரி பிடித்துக்கொண்டார். அதன்பின் அம்மையார் பிள்ளைகளின் ஆதரவில் வாழ்ந்து, 1742 ஜூலையில் லண்டனில் ஜோனின் இல்லத்தில் கண்மூடினார்.

அந்த ஜோன் ஒக்ஸ்போட்டில் முதலில் 30 பவுண் பெற்றபோது 28இல் வாழ்ந்து 2ஐத் தருமத்துக்குக் கொடுத்தார். அடுத்த ஆண்டு வருமானம் 60 ஆனது, 32ஐக் கொடுத்தார். பின்னர் 120 ஆனபோதும் தமக்கென எடுத்தது அதே 28 பவுண்தான்.