துன் சம்பந்தனும் சமய உரிமையும்

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ் வட்டாரத்தில் ஜாலான் துன் சம்பந்தன் என்னும் சாலை உள்ளது. கந்தசுவாமி கோயில், புத்த விகாரை, கிறித்துவத் தேவாலயங்கள், சூராவ் எனப் பல வழிபாட்டு இடங்கள் அவ்வட்டாரத்தில் அமைந்துள்ளன. பல சமயத்தார் இவ்வாறு அருகருகே வாழ்வதற்குச் சட்டப் பாதுகாப்பு உருவானபோது, பேச்சுவார்த்தையில் பங்கேற்ற தலைவர்களுள் ஒருவர் துன் வீ.தி. சம்பந்தன்.

இவர் 1919ஆம் ஆண்டு ஜூன் 16ஆம் நாள், பேராக் மாநிலத்தின் சுங்கை சிப்புட்டில் பிறந்தார். தந்தையார் வீராசாமி, தமிழகத்திலிருந்து வந்து ரப்பர்த் தோட்ட உரிமையாளராக உயர்ந்தவர். சம்பந்தன் கோலகங்சார் கிளிப்போர்டு பள்ளியிலும் பின்னர் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலும் பயின்றார். 1955இல் ம.இ.கா.வின் தேசியத் தலைவரானார். அதே ஆண்டு நடைபெற்ற பொதுத் தேர்தலில் வென்று, துங்கு அப்துல் ரஹ்மானின் அமைச்சரவையில் தொழிலாளர் அமைச்சராகப் பொறுப்பேற்றார்.

1956இல், சுதந்திர மலாயாவுக்கான அரசியலமைப்பை வரைய ரீட் ஆணையம் அமைக்கப்பட்டது. அப்போது எழுந்த முக்கியமான வினாக்களுள் ஒன்று, அரசுக்கும் சமயத்துக்கும் உள்ள உறவைப் பற்றியது. பிரான்சு நாடு 1905இல் சட்டம் இயற்றி அரசையும் சமயத்தையும் பிரித்தது. இங்கிலாந்திலோ அரசுசார் திருச்சபை தொடர்ந்தது. மலாய் மாநிலங்களில் சுல்தான்களே இஸ்லாமிய சமயத்தின் தலைவர்களாக விளங்கினர். புதிய நாடு எந்த வழியைப் பின்பற்றுவது? இஸ்லாம் நாட்டின் சமயமானால், மற்றவர்களின் கோயில்களை யார் நிருவகிப்பது? தோட்டப்புறங்களில் வாழ்ந்த தமிழர்களுக்கு இது வெறும் ஏட்டு வினா அன்று. அவர்களுடைய அன்றாட வழிபாட்டைத் தொடும் வினா.

அம்னோ, ம.சீ.ச., ம.இ.கா. ஆகிய மூன்றும் சேர்ந்த கூட்டணி, இஸ்லாம் நாட்டின் சமயமாக இருக்க வேண்டும் என்றும், பிற சமயத்தார் தத்தம் சமயத்தைப் பின்பற்றத் தடை இருக்கக்கூடாது என்றும் ஆணையத்திடம் கேட்டுக்கொண்டது. ஆணையத்தின் பெரும்பான்மை உறுப்பினர்கள் இதை வரைவில் சேர்க்கவில்லை. எனவே, 1957இல் அவ்வரைவை ஆராய்ந்த செயற்குழு இவ்வினாவை மீண்டும் எடுத்துக்கொண்டது. அக்குழுவில் கூட்டணியின் நான்கு பிரதிநிதிகளுள் ஒருவராகச் சம்பந்தன் இடம்பெற்றார்.

விவாதங்களுக்குப் பின் ஓர் இணக்கம் பிறந்தது. அரசியலமைப்பின் 3ஆம் பிரிவு, இஸ்லாத்தைக் கூட்டரசின் சமயமாக ஏற்று, பிற சமயங்களை அமைதியுடனும் நல்லிணக்கத்துடனும் பின்பற்றலாம் என்று கூறுகிறது. ஒவ்வொரு சமயக் குழுவும் தன் சமய அலுவல்களைத் தானே நிருவகிக்கவும், நிலையங்களை நிறுவவும், சொத்து வைத்திருக்கவும் 11ஆம் பிரிவு உரிமை அளிக்கிறது. வேறொரு சமயத்துக்காகவே ஒதுக்கப்படும் வரியைச் செலுத்துமாறு எவரையும் கட்டாயப்படுத்த முடியாது. அதே பிரிவு, முஸ்லிம்களிடையே பிற சமயங்களைப் பரப்புவதைச் சட்டத்தால் கட்டுப்படுத்தவும் இடமளிக்கிறது. 1957 ஆகஸ்டு 31 அன்று நாடு சுதந்திரம் பெற்றபோது இச்சட்டம் நடைமுறையில் இருந்தது.

ஆயினும், கோயில் நிலைக்கச் சட்டத்தோடு நிலமும் தேவைப்பட்டது. அக்காலத்தில் பெருந்தோட்டங்கள் துண்டாடப்பட்டு விற்கப்பட்டன. தோட்டம் கைமாறியபோது தொழிலாளர்கள் வேலையையும் வீட்டையும் இழக்கும் நிலை ஏற்பட்டது. மக்கள் வெளியேறினால் அவர்கள் எழுப்பிய கோயிலில் விளக்கேற்ற யார் இருப்பார்? தொழிலாளர்கள் பத்துப் பத்து வெள்ளியாகச் சேமித்துத் தாங்களே தோட்டங்களை வாங்கும் பொருட்டு, 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைச் சம்பந்தன் தொடங்கினார். தோட்டந்தோறும் சென்று உறுப்பினர்களைத் திரட்டினார்.

1969ஆம் ஆண்டு மே மாதம் கோலாலம்பூரில் இனக்கலவரம் மூண்டது. ஏட்டில் உள்ள உரிமை வாழ்வில் நிலைக்க, மக்களிடையே நம்பிக்கையும் வேண்டும் என்பதை நாடு உணர்ந்தது. 1972 முதல் 1974 வரை தேசிய ஒருமைப்பாட்டு அமைச்சராகச் சம்பந்தன் பணியாற்றினார். 1979ஆம் ஆண்டு மே 18ஆம் நாள் அவர் மறைந்தார்.

இன்றும் தைப்பூசத்தின்போது, கோலாலம்பூர் மகா மாரியம்மன் கோயிலிலிருந்து வெள்ளி இரதம் பத்துமலைக்குப் புறப்படுகிறது. அவ்விழாவைக் கோயில் தேவஸ்தானமே நடத்துகிறது. அரசு விடுமுறையும் காவலர் பாதுகாப்பும் வழங்கித் துணைநிற்கிறது. சம்பந்தனும் பிற தலைவர்களும் கண்ட இணக்கத்தை அந்த ஊர்வலத்தில் காணலாம்.