சேசரே பெக்காரியா

உலகின் போக்கை மாற்றியோர் யாவரும் வாளெடுத்தோரும் மேடையேறி முழங்கினோரும் அல்லர். நாலுபேர் கூடிய அவையிற் பேசவும் நாணிய ஒருவர், சிறு நூலொன்றை எழுதி, அரசர் சிலரையும் அறிஞர் பலரையும் மரண தண்டனையைக் குறித்துச் சிந்திக்கச் செய்தார். அவரே இத்தாலிய அறிஞர் சேசரே பெக்காரியா. அவர்தம் வரலாற்றை நம் மாணவர்க்கு ஈண்டுச் சுருங்கக் கூற விழைகின்றோம்.

அவர் 1738-ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 15-ஆம் நாள், அக்காலத்தில் ஆஸ்திரிய ஆட்சிக்குட்பட்டிருந்த மிலான் நகரில், பிரபு குலத்திற் பிறந்தார். பார்மா நகரில் இயேசு சபையார் நடத்திய கல்லூரியிற் பயின்று, பாவியா சர்வகலாசாலையில் 1758-இல் சட்டப் பட்டம் பெற்றார். 1761-இல் தந்தையார் தடுத்தும் கேளாது தெரேசா பிளாஸ்கோ என்னும் நங்கையை மணந்தார். அதன் பொருட்டு வீட்டுக்காவலையும் வறுமையையும் சில காலம் அனுபவித்தார்.

அந்நாளைய ஐரோப்பாவில் குற்றத்தை ஒப்புக்கொள்ளச் செய்தற்குச் சித்திரவதை செய்தனர். திருட்டு முதலிய குற்றங்கட்கும் தூக்கிலிட்டனர். 1762-இல் பிரான்சு நாட்டுத் துலூசு நகரில் ழான் கலாஸ் என்னும் புரொட்டஸ்டண்டு வணிகர், தம் மகனைக் கொன்றாரென்று பழி சுமத்தப்பட்டு, சக்கரத்திற் பிணித்து எலும்பு முறிக்கப்பட்டு மாண்டார். 1765-இல் அவர் குற்றமற்றவரெனத் தீர்ப்பாயிற்று. திருந்திய தீர்ப்பு வந்தது. போன உயிர் வரவில்லை.

மிலானில் பியெத்ரோ வெர்ரி என்பார் கூட்டிய இளைஞர் கழகத்தில் பெக்காரியாவும் ஒருவர். வெர்ரியின் தம்பி அலெஸ்ஸாந்த்ரோ சிறைக்கைதிகளின் நலம் காக்கும் பதவியில் இருந்தமையால், சிறையின் துன்பங்கள் அக்கழகத்தார்க்கு நன்கு தெரிந்தன. நண்பர்கள் தூண்ட, பெக்காரியா 'குற்றங்களும் தண்டனைகளும்' என்னும் பொருள்படும் நூலை எழுதினார். 1764-இல் லிவோர்னோ நகரில் அது ஆசிரியர் பெயரின்றி வெளிவந்தது. அப்பொழுது அவர்க்கு வயது 26.

சமுதாயத்திற் சேர்ந்த எவனும் தன் உயிரைப் போக்கும் உரிமையை அரசனுக்கு அளித்திலன் என்பது அவர்தம் முதல் வாதம். தண்டனையின் கொடுமையினும், அது தப்பாது விரைவில் வரும் என்னும் உறுதியே குற்றத்தைத் தடுக்கும் என்பது இரண்டாவது. கொலையை விலக்கும் சட்டம் தானே ஊரறியக் கொலை செய்தல் முரண் என்பது மூன்றாவது. எனினும் அரசே நிலைகுலையுங் காலத்திற்கு அவர் விலக்கு வைத்தார். தூக்கிற்கு ஈடாக அவர் கூறிய ஆயுட்கால வன்பணியும் கடுமையானதே. இக்குறைகளையும் மறைத்தல் நேர்மையன்று.

நூல் 1766-இல் பிரெஞ்சு மொழியிற் பரவ, வால்டேர் அதற்கு விளக்கவுரை வரைந்தார். அதே ஆண்டில் உரோமைத் திருச்சபை அதனை விலக்கப்பட்ட நூல்களின் வரிசையிற் சேர்த்தது. பாரிசு நகர அறிஞர்கள் ஆசிரியரை அழைத்துப் பாராட்டினர். அவரோ கூச்சத்தாலும் மனைவியைப் பிரிந்த ஏக்கத்தாலும் விரைவில் வீடு திரும்பினார். ருஷியப் பேரரசி காதரீனின் அழைப்பையும் ஏற்றிலர். 1768 முதல் மிலானில் பொருளியற் பேராசிரியராகவும், பின்னர் அரசாங்க அலுவலராகவும் அமைதியாய்க் காலங் கழித்தார்.

அவர் சென்றடையாத இடங்களில் அவர் நூல் சென்றது. 1786 நவம்பர் 30-இல் தஸ்கனி நாட்டு லியோபோல்டு கோமான் மரண தண்டனையை முற்றும் ஒழித்தார். நான்கே ஆண்டில் அது ஓரளவு மீண்டும் புகுந்தது. பெக்காரியா மனந்தளர்ந்திலர். 1792-இல் லொம்பார்தி நாட்டுச் சட்டத்தைத் திருத்தும் குழுவில் அமர்ந்து, மனிதர் தீர்ப்பிற் பிழை நேர்தல் இயல்பு. மரண தண்டனையிலோ அப்பிழையைத் திருத்த வழியில்லை என்று எடுத்துரைத்தார். 1794 நவம்பர் 28-இல் காலமானார்.

1948-இல் ஐக்கிய நாடுகள் சபை, உயிர் வாழ்தல் ஒவ்வொருவர்க்கும் உள்ள உரிமையெனப் பறைசாற்றியது. 1989-இல் மரண தண்டனையை ஒழிக்கும் உடன்படிக்கையை ஏற்றது. 2007-இல் அத்தண்டனையை நிறுத்தி வைக்குமாறு நாடுகளை வேண்டியது. முன்னர் நூலை விலக்கிய திருச்சபையும் 2018-இல் மரண தண்டனை எந்நிலையிலும் ஏற்கத்தகாதது எனத் தன் ஞானோபதேசத்தைத் திருத்திற்று. எனினும் அதனைக் கைவிடாத நாடுகள் இன்றும் உள. நம் இந்தியாவும் அவற்றுள் ஒன்று. 1980-இல் நம் உச்ச நீதிமன்றம், அரிதினும் அரிதான வழக்குகட்கே அஃது உரியதென வரையறுத்தது. அவ்வரிய வழக்கிலும் பிழை நேராதென்று உறுதி கூறுவார் யார்?

மாணவர்காள், கூச்சமுள்ளோம், சொல்வன்மையில்லோம் என்று சோர்வடைய வேண்டா. உண்மையென உணர்ந்ததைத் தெளிய எழுதுமின். பெக்காரியா செய்தது அவ்வளவே.