அண்ணல் அம்பேத்கரும் பெண்ணின் சொத்துப் பங்கும்



ஏப்ரல் 14 வந்தால் நம்ம குழுக்களில் அண்ணல் அம்பேத்கர் படத்துக்கு மாலை போடுகிறோம். அரசியல் சட்டம் எழுதினவர் என்று பிள்ளைகள் பேசுவார்கள், நாம் கைதட்டி மிட்டாய் கொடுத்து முடித்துவிடுவோம். ஆனால் அப்பா சொத்தில் மகளுக்கும் மகனுக்குச் சமமாகப் பங்கு வேண்டும் என்று சட்டம் கொண்டுவந்து, அது நடக்காமல் போனதால் மந்திரி பதவியையே விட்டு இறங்கியவர் அவர் என்பது நம்மில் நிறைய பேருக்குத் தெரியாது. எனக்கே ரொம்ப நாள் தெரியாது. அதனால் இந்த மலரில் அவர் வாழ்க்கையை அந்தப் பக்கத்திலிருந்து எழுதுகிறேன்.

அவர் பிறந்தது 1891-ல், இன்றைய மத்தியப் பிரதேசத்தில் உள்ள மாவ் என்ற ராணுவ முகாம் ஊரில். அப்பா ராம்ஜி, ராணுவத்தில் சுபேதார். பூர்வீகம் மகாராஷ்டிரத்தின் ரத்னகிரிப் பக்கம். சின்ன வயதிலேயே அம்மா பீமாபாய் இறந்துபோக, அத்தை மீராபாய்தான் வளர்த்தார். பள்ளிக்கூடத்தில் தனியாக உட்கார வைத்ததும், தண்ணீர்ப் பானையைத் தொட விடாததும் நமக்குத் தெரிந்த கதைதான்.

மனைவி ரமாபாயைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் போக மனம் வரவில்லை. சின்னப் பெண்ணாக வாழ்க்கைப்பட்டவர். புருஷன் அமெரிக்காவிலும் லண்டனிலும் படித்துக்கொண்டிருந்தபோது பம்பாயில் ஒண்டுக்குடித்தனத்தில் பட்டினியோடு குடும்பத்தை ஓட்டியவர். வறட்டி தட்டி வயிறு கழுவினார் என்று சொல்வார்கள். பெற்ற பிள்ளைகளில் நான்கு பேரைப் பறிகொடுத்தார். ஒரு மகன் மட்டும் தங்கினான். 1935-ல் அவரும் போய்விட்டார். புருஷன் மந்திரியானதைப் பார்க்கக் கொடுத்து வைக்கவில்லை.

படித்துவிட்டு வந்த அம்பேத்கர் 1918-ல் விவசாய நிலம் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். இந்தியாவில் நிலம் துண்டு துண்டாகப் போனதுதான் வறுமைக்குக் காரணம் என்று அப்போது படித்தவர்கள் பேசிக்கொண்டிருந்தார்கள். அவர் அதை ஒத்துக்கொள்ளவில்லை. ஏக்கர் கணக்கை மட்டும் வைத்து நிலம் சிறிதா பெரிதா என்று சொல்ல முடியாது. விவசாயியிடம் மாடு, கருவி, முதல் எவ்வளவு இருக்கிறது என்று பார்க்கணும். வேறு வேலையில்லாமல் அளவுக்கு மீறி ஜனங்கள் நிலத்தையே நம்பிக் கிடப்பதுதான் நோய் என்பது அவர் கணக்கு. இதை நினைவில் வையுங்கள், பின்னாடி வரும்.

ரத்னகிரிப் பக்கம் கோத்தி என்று ஒரு முறை இருந்தது. கோத் என்பவர்கள் அரசாங்கத்துக்கும் குடியானவனுக்கும் நடுவில் நின்று வரி வசூலித்தார்கள். கட்ட வேண்டியதற்கு மேலே நெல்லையும் வாங்கி, கூலியில்லாமல் வேலையும் வாங்கினார்கள். அதை ஒழிக்க 1937-ல் பம்பாய் சட்டசபையில் அம்பேத்கர் மசோதா கொடுத்தார். 1938 ஜனவரியில் ஆயிரக்கணக்கான விவசாயிகளை அழைத்துக்கொண்டு சட்டசபைக்கே ஊர்வலம் போனார்.

பெண்களை அவர் எந்தக் காலத்திலும் பின்வரிசையில் உட்கார வைத்ததில்லை. 1927-ல் மகாத் ஊரில் பொதுக்குளத்துத் தண்ணீருக்காக நடந்த போராட்டத்தில் பெண்களும் வந்தார்கள். அந்த டிசம்பரில் அவர்களைத் தனியாக உட்கார வைத்துப் பேசினார். 1928-ல் ஆலை வேலைக்குப் போகும் பெண்களுக்குப் பிரசவ கால உதவி வேண்டும் என்று பம்பாய் சட்டசபையில் வாதாடினார். 1942-ல் நாக்பூரில் கூடிய பெண்கள் மாநாட்டுக்கு ஆயிரமாயிரமாய் உழைக்கும் பெண்கள் வந்து சேர்ந்தார்கள்.

இப்போது விஷயத்துக்கு வருவோம். 1947-ல் சுதந்திர இந்தியாவின் முதல் சட்ட மந்திரியானார். அந்த நாளில் பெண்ணின் சொத்து நிலைமை என்ன? பரம்பரைச் சொத்தில் ஆண்பிள்ளைக்குப் பிறந்த நாளிலிருந்தே பங்கு. பெண்பிள்ளைக்குச் சீரும் செனத்தியும்தான், பங்கு கிடையாது. விதவைக்கு 1937-ல் ஒரு சட்டம் வந்தது. அதிலும் பல இடங்களில் விவசாய நிலம் சேரவில்லை. நம்ம சென்னை மாகாணத்தில் 1947-ல்தான் நிலத்தையும் சேர்த்தார்கள். அப்படிக் கிடைத்ததும் ஆயுசு வரைக்கும்தான். உழுது சாப்பிடலாம், தன் இஷ்டப்படி விற்கவோ மகளுக்கு எழுதிக் கொடுக்கவோ முடியாது. அவள் கண்ணை மூடினால் புருஷன் வீட்டு வாரிசுக்குத் திரும்பிப் போய்விடும். அவள் பெயரில் இருந்தும் அவளுடையது இல்லை.

இந்து சட்டத் தொகுப்பு மசோதா என்று அம்பேத்கர் கொண்டுவந்தது இதையெல்லாம் மாற்றத்தான். முன்பு ஒரு குழு மகளுக்கு மகனில் பாதி என்று எழுதி வைத்திருந்தது. 1948-ல் அது சமபங்காக மாறியது. விதவைக்கு முழு உரிமை, ஒருவனுக்கு ஒரே மனைவி, ஒத்துவராவிட்டால் விவாகரத்து, எல்லாம் அதில் இருந்தது.

எதிர்ப்பு கொஞ்சநஞ்சமில்லை. டெல்லியில் கூட்டம் போட்டு, ஊர்வலமும் விட்டார்கள். அவர் பிறந்த ஜாதியைச் சொல்லி, இவர் யார் நமக்குச் சட்டம் சொல்ல என்றும் ஏசினார்கள். பார்லிமெண்டுக்கு உள்ளேயும் பெரிய தலைவர்களே எதிர்த்தார்கள். பெண்ணுக்குப் பங்கு கொடுத்தால் நிலம் துண்டு துண்டாகும், மருமகன் வந்து வரப்பில் நிற்பான், அண்ணன் தங்கை உறவு முறிந்துபோகும் என்றார்கள். நான்கு ஆண்பிள்ளை பிறந்தால் நிலம் நான்காகிறதே, அப்போது மட்டும் துண்டாகாதா? நிலக் கணக்கை முப்பது வருஷம் முன்பே பார்த்து வைத்தவரிடமா இந்த வாதம்!

உறவு முறியும் என்கிற பேச்சை நானும் கேட்டிருக்கிறேன், டெல்லியில் இல்லை, எங்கள் வீட்டில். அப்பா காரியம் முடிந்து ஒரு மாசத்துக்குள் பத்திர ஆபீஸுக்குக் கூட்டிப்போனார்கள். பொறந்த வீட்டு உறவு வேணுமா, பங்கு வேணுமா என்றுதான் பேச்சு. விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு, வாங்கிக் கொடுத்த புடவையோடு பஸ் ஏறினேன். அந்த நிலத்தில் நாற்று நட்டு, களை எடுத்து வளர்ந்தவள் நான்.

மசோதா வருஷக்கணக்கில் இழுத்தது. பிரதமர் நேரு முதலில் உறுதியாகத்தான் இருந்தார். முதல் பொதுத்தேர்தல் நெருங்க நெருங்கத் தயக்கம் வந்துவிட்டது. 1951 செப்டம்பரில், சொத்துப் பகுதியை ஒதுக்கிவிட்டு கல்யாணம், விவாகரத்துப் பகுதியை மட்டுமாவது நிறைவேற்றலாம் என்றார்கள். கடைசியில் அதையும் கைவிட்டார்கள். சர்க்கரை நோயால் உடம்பு தளர்ந்திருந்த நேரம் அது. அந்த மாதம் 27-ம் தேதி அம்பேத்கர் ராஜினாமா கொடுத்தார். அவர் சொன்ன காரணங்கள் வேறு சிலவும் உண்டு. ஆனால் இந்த மசோதாவைக் கைவிட்டதுதான் கடைசியாக அவரை வெளியே தள்ளியது. அடுத்து வந்த தேர்தலில் பம்பாயில் நின்று தோற்றும் போனார்.

மசோதா சாகவில்லை. துண்டு துண்டாகப் பிரித்து வேறு வேறு சட்டங்களாகக் கொண்டுவந்தார்கள். 1956 ஜூன் 17-ல் இந்து வாரிசுரிமைச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. விதவையின் சொத்து அன்றோடு அவளுக்கே முழுச் சொந்தமானது. உயில் எழுதாமல் அப்பா இறந்தால் அவர் சொந்தமாகச் சம்பாதித்த சொத்தில் மகனுக்கும் மகளுக்கும் சம பங்கு. ஆனால் பரம்பரைச் சொத்தில் பிறப்பால் வருகிற பங்கு ஆண்பிள்ளைக்கு மட்டும் என்பது அப்படியே நின்றது. அம்பேத்கர் எடுக்க நினைத்த முள் அதுதான். அந்த வருஷமே டிசம்பர் 6-ம் தேதி டெல்லி வீட்டில் தூக்கத்திலேயே அவர் உயிர் பிரிந்தது.

அந்த முள்ளைத் தமிழ்நாட்டில் எடுத்தது 1989-ல், கலைஞர் ஆட்சியில். ஆனால் அந்த வருஷம் மார்ச் 25-க்கு முன்பே கல்யாணமான பெண்களுக்கு அது பொருந்தவில்லை. நாடு முழுக்க, கல்யாணம் ஆனவள் ஆகாதவள் என்ற பேதம் இல்லாமல் வந்தது 2005 செப்டம்பர் 9-ல். அவர் ராஜினாமா செய்து 54 வருஷம் கழித்து! அந்தத் தேதிக்கு முன்பே அப்பா இறந்திருந்தாலும் மகளுக்குப் பங்கு உண்டு என்று 2020-ல் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. 2004 டிசம்பர் 20-க்கு முன்னாடியே முறையாகப் பதிவு செய்து பாகம் பிரித்திருந்தால் அதைத் திரும்பக் கிளற முடியாது. அப்பா சுயமாக வாங்கிய சொத்தை அவர் யாருக்கு வேண்டுமானாலும் உயில் எழுதலாம், அதையும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். நம்ம கூட்டமைப்பில் உள்ள முஸ்லிம், கிறிஸ்தவ சகோதரிகளுக்குச் சட்டம் வேறு.

நான் கையெழுத்துப் போட்டது போட்டதுதான். உங்களிடம் யாராவது விடுதலைப் பத்திரத்தோடு வந்தால், அன்றைக்கே பேனாவை எடுக்காதீர்கள். பத்திர நகலை வாங்கி வைத்துக்கொண்டு, நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள். பெண்களுக்கு அங்கே வக்கீல் உதவி இலவசம். வருமானச் சான்று கேட்க மாட்டார்கள். தனியாகப் போகக் கூச்சமாக இருந்தால் குழுவில் சொல்லுங்கள், கூட நான் வருகிறேன்.