அரிசியில் எழுதிய கை



பாலிக் புலாவில் நம்ம ஞாயிற்றுக்கிழமை சமய வகுப்புக்கு ஒரு பையன் வருகிறான். நாலு வயது ஆகப்போகுது, இன்னும் பேச்சு வரவில்லை. மத்த பிள்ளைகள் தேவாரம் பாட உட்கார்ந்தால், இவன் வாசலில் கிடக்கிற செருப்பையெல்லாம் எடுத்து ஒரே வரிசையாக அடுக்கிக்கிட்டு இருப்பான். கையைப் பிடித்து இழுத்தால் தரையில் உருண்டு அழுவான். போன மாதம் அவன் அம்மா தயங்கித் தயங்கி வந்து, மத்தவங்களுக்குத் தொந்தரவா இருக்கு, இனிமே கூட்டிட்டு வரலன்னு சொல்லிட்டாங்க. எங்களுக்கு என்ன பதில் சொல்வதென்றே தெரியவில்லை. வீட்டுக்கு வந்த பிறகுதான் கும்பகோணத்து அம்மா ஒருவரின் நினைவு வந்தது. அவர் பெயர் கோமளத்தம்மாள். கணித மேதை சீனிவாச ராமானுஜனைப் பெற்றவர்.

ராமானுஜன் 1887 டிசம்பர் 22-ஆம் தேதி ஈரோட்டில், பாட்டி வீட்டில் பிறந்தார். வளர்ந்ததெல்லாம் கும்பகோணம் சாரங்கபாணி சன்னிதித் தெருவில். அப்பா சீனிவாச ஐயங்கார் ஜவுளிக்கடையில் கணக்கு எழுதியவர். மாதச் சம்பளம் சுமார் 20 ரூபாய். அம்மா கோயிலில் பஜனைப் பாட்டுப் பாடுவார். குலதெய்வம் நாமக்கல் நாமகிரித் தாயார். தாயாரை வேண்டிப் பெற்ற பிள்ளை என்பது அந்த வீட்டாரின் நம்பிக்கை.

அந்தக் காலத்துத் தஞ்சாவூர்ச் சீமை நமக்குத் தூரமில்லை. நம்மில் பல பேருடைய கொள்ளுத்தாத்தாக்கள் அங்கிருந்துதான் நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறிப் பினாங்குக்கு வந்தார்கள். அந்தச் சீமையில் 1889-இல் பெரியம்மை பரவியது. மாவட்டத்தில் ஏறக்குறைய 4,000 பேர் இறந்தார்கள். இரண்டு வயது ராமானுஜனுக்கும் அம்மை போட்டது. பிழைத்துக்கொண்டான், தழும்பு மட்டும் நின்றுவிட்டது. ஆனால் அவனுக்கு அடுத்துப் பிறந்த மூன்று குழந்தைகளும் ஒரு வயதைத் தாண்டவில்லை. மிஞ்சிய ஒரே பிள்ளை இவன். மூன்று வயதாகியும் இவனுக்குப் பேச்சு வரவில்லை!

பேசாத பிள்ளை என்ன செய்தான் தெரியுமா? வீட்டில் இருந்த பித்தளை, செம்புப் பாத்திரங்களை எல்லாம் எடுத்து இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவர் வரைக்கும் வரிசையாக அடுக்கினான். கேட்ட சாப்பாடு கிடைக்காவிட்டால் மண்ணில் புரண்டான். ஊமையாகிவிடுவானோ என்று வீட்டில் எல்லாருக்கும் பயம்.

கோமளத்தம்மாள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு காஞ்சிபுரத்தில் இருந்த தன் அப்பா வீட்டுக்குப் போனார். குடும்ப நண்பர் ஒருவர் சொன்ன யோசனைப்படி தாத்தா ஒரு வேலையைத் தொடங்கினார். தரையில் அரிசியைப் பரப்பி, பேரனின் கையைத் தன் கைக்குள் வைத்து, ஒவ்வொரு எழுத்தாக எழுத வைத்தார். எழுதும்போதே அந்த எழுத்தை வாய்விட்டுச் சொன்னார். நம்ம வீடுகளில் விஜயதசமி அன்று ஒரு நாள் சடங்காகச் செய்கிறோமே, அதை அந்தத் தாத்தா பாடமாகவே நடத்தினார். விரலுக்கு அரிசி தெரிந்தது, கண்ணுக்கு வடிவம் தெரிந்தது, காதுக்கு ஒலி கேட்டது. கொஞ்ச நாளில் பிள்ளை வாய் திறந்தான். உயிரெழுத்து 12, மெய்யெழுத்து 18, உயிர்மெய் 216 என்று படிப்படியாகக் கற்றான். 1892 விஜயதசமி வாக்கில் திண்ணைப் பள்ளிக்கூடத்தில் சேர்ந்தான்.

இதோடு எல்லாம் சரியாகிவிடவில்லை. இடையில் சென்னையில் தாத்தா பாட்டி வீட்டில் தங்கிப் படிக்க அனுப்பினார்கள். அந்தப் பள்ளிக்கூடம் அவனுக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை, போகவே மாட்டேன் என்று அடம். கடைசியில் ஒரு போலீஸ்காரரைக் கூப்பிட்டுப் பயமுறுத்திப் பார்த்தார்கள். அதுவும் பலிக்கவில்லை. ஆறு மாதத்துக்குள் பிள்ளை அம்மாவிடமே திரும்பி வந்தான். 1897-இல் ஆரம்பப் பள்ளித் தேர்வில் அவனே மாவட்டத்தில் முதல்! போலீஸ்காரர் செய்ய முடியாததை அம்மாவின் வீடு செய்தது.

வீட்டுச் செலவுக்காகக் கோமளத்தம்மாள் கல்லூரி மாணவர்களை வீட்டில் தங்க வைத்துச் சாப்பாடு போட்டார். பையனுக்குக் கணக்கில் இருந்த ஆசையைப் பார்த்து, அந்த அண்ணன்கள் தங்களுக்குத் தெரிந்ததைச் சொல்லிக் கொடுத்தார்கள். கொஞ்ச நாளில் அவர்களிடம் சொல்லிக்கொடுக்க மிச்சம் இல்லாமல் போனது. பிறகு லோனி எழுதிய முக்கோணவியல் புத்தகம் கைக்கு வந்தது, 13 வயதுக்குள் அதை முடித்துவிட்டான். டவுன் ஹைஸ்கூலில் ஒரு மூத்த ஆசிரியர் இன்னும் ஒரு படி மேலே போனார். சுமார் 1,200 மாணவர்களையும் ஏறக்குறைய 35 ஆசிரியர்களையும் வகுப்புகளுக்குப் பிரிக்கும் வேலையை இந்தப் பையனிடம் கொடுத்தார். பாத்திரம் அடுக்கிய பிள்ளை பள்ளிக்கூடத்தையே அடுக்கிக் கொடுத்தான் பாருங்க! 1904-இல் தலைமையாசிரியர் கிருஷ்ணசாமி ஐயர் கையால் கணிதப் பரிசும் வாங்கினான்.

அதற்குப் பிறகுதான் பெரிய அடி. 16 வயதில் கார் என்பவர் தொகுத்த கணிதப் புத்தகம் கிடைத்தது. ஆயிரக்கணக்கான தேற்றங்கள், பலவற்றுக்கு முழு விளக்கம் கிடையாது. அதில் இறங்கியவர் வெளியே வரவே இல்லை. கும்பகோணம் அரசுக் கல்லூரியில் வேறு பாடம் நடக்கும்போதும் கணக்கே போட்டார். ஆங்கிலத்தில் தேறவில்லை, உபகாரச் சம்பளம் நின்றது. ஒரு பருவத்துக்குக் கட்டணம் 32 ரூபாய், அப்பா சம்பளமோ 20. கோமளத்தம்மாள் நேராகக் கல்லூரி முதல்வரிடமே போய்க் கேட்டுப் பார்த்தார். பலன் இல்லை. 1905-இல் ராமானுஜன் யாரிடமும் சொல்லாமல் விசாகப்பட்டினத்துக்குப் போய்விட்டார். பெற்றோர் பத்திரிகையில் காணவில்லை என்று அறிவிப்புக் கொடுத்துத் தேடினார்கள். மறு வருஷம் சென்னை பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தார். அங்கே உடலியல் பாடம் காலை வாரியது. 1906-இலும் தோல்வி, 1907-இலும் தோல்வி.

இந்த இடத்தைக் கவனிங்க. அவர் அப்போது இருந்ததைவிடப் பின்னாளில் புத்திசாலி ஆகிவிடவில்லை. அதே மூளை, அதே நோட்டுப் புத்தகம். எல்லாப் பாடத்திலும் தேறினால்தான் உண்டு என்று ஒரே கோலால் அளந்த இடத்தில் அவர் உதவாக்கரை. இருக்கிறதைப் பார்த்து அளந்த இடத்தில் மேதை.

படிப்பும் இல்லை, வேலையும் இல்லை. அந்த வருஷங்களில் அவரைத் தாங்கியது வீடுதான். ஊர் வாய் சும்மா இருந்திருக்காது. ஆனாலும் அவர் கணக்கில் மூழ்கியிருக்கும்போது அம்மாவோ பாட்டியோ சோற்றைப் பிசைந்து கையில் வைப்பார்கள். அவர் எழுதுவதை நிறுத்தாமல் சாப்பிடுவார். அந்த அம்மாவுக்கு மகன் எழுதியது என்னவென்று முழுசாகப் புரிந்திருக்காது. புரியாததையும் மதித்தார்.

1912-இல் சென்னைத் துறைமுகத்தில் மாதம் 30 ரூபாய்க்குக் குமாஸ்தா வேலை கிடைத்தது. 1913 ஜனவரியில் கேம்பிரிட்ஜ் பேராசிரியர் ஹார்டிக்குக் கடிதம் எழுதினார். கடல் கடப்பது ஆசாரத்துக்கு ஆகாது என்று வீட்டில் தடை இருந்தது. நாமகிரித் தாயார் கனவில் உத்தரவு தந்ததாகச் சொல்லி அம்மாவே வழிவிட்டார். 1914 மார்ச்சில் கப்பல் ஏறினார். ஹார்டிக்கும் ஒரு சங்கடம் வந்தது. தெரியாத பகுதிகளை முறைப்படி சொல்லித்தர வேண்டும், அதிகமாக வற்புறுத்தினால் இவருடைய ஊற்று வற்றிவிடுமோ என்று பயம். பார்த்துப் பார்த்துச் சொல்லிக்கொடுத்தார், தானும் இவரிடம் நிறையக் கற்றுக்கொண்டார். 1918-இல் லண்டன் ராயல் சொசைட்டி ராமானுஜனை உறுப்பினராக்கியது. ஆனால் குளிரும் சாப்பாட்டுக் கஷ்டமும் தனிமையும் சேர்ந்து உடம்பைக் கெடுத்தன. 1919-இல் திரும்பினார். 1920 ஏப்ரல் 26-இல் சென்னையில் காலமானார். வயது 32 மட்டுமே.

தோழர்களே, பேசத் தாமதமான பிள்ளை எல்லாம் ராமானுஜன் ஆவான் என்று அந்த அம்மாவிடம் போய்ச் சொல்லிவிடாதீங்க. அது ஆறுதல் மாதிரி இருக்கும், உண்மையில் பிள்ளை மேல் இன்னொரு சுமை. பேச்சு வராவிட்டால் முதலில் அரசாங்கக் கிளினிக்கில் காதும் வளர்ச்சியும் சோதிக்கச் சொல்லுங்க. பேச்சுப் பயிற்சிக்குச் சீக்கிரம் போனால் நல்லது. நம்ம நாட்டில் 2003-லிருந்து ஆறு வயதுப் பிள்ளைக்கு ஆரம்பக் கல்வி கட்டாயம். வீட்டிலேயே படிக்க வைக்க நினைத்தால் கல்வி அமைச்சிடம் விலக்கு வாங்க வேண்டும். பள்ளிகளில் சிறப்புக் கல்வி வகுப்புகளும் உண்டு. இதையெல்லாம் விசாரித்துச் சொல்வதும் ஒரு தொண்டுதான்.

பிள்ளை பள்ளிக்குப் போனாலும் வீட்டில் படித்தாலும் காஞ்சிபுரத்துத் தாத்தா செய்தது எல்லாருக்கும் பொருந்தும். பிள்ளை எங்கே நிற்கிறானோ அங்கே போய் உட்கார்ந்தார், கையைப் பிடித்தார், அவசரப்படவில்லை. ராமானுஜனுக்கு அப்படி ஒரு தாத்தா இருந்தார், வீட்டில் தங்கிய அண்ணன்கள் இருந்தார்கள், பெரிய வேலையை நம்பிக் கொடுத்த ஆசிரியர் இருந்தார். ஒரு அம்மாவால் மட்டும் தனியாக இத்தனையும் முடிந்திருக்காது.

போன வாரம் நாங்க இரண்டு பேர் அந்த வீட்டுக்குப் போய் அம்மாவைப் பார்த்துப் பேசினோம். வரும் ஞாயிறு பையன் வருகிறான். பூஜைக்கு முன்னால் விளக்குகளை வரிசையாக வைக்கிற பொறுப்பு இனிமேல் அவனுக்கு. ஒரு தட்டில் அரிசியும் எடுத்து வைத்திருக்கிறோம். பக்கத்தில் உட்கார ஒரு அண்ணனோ அக்காவோ வேண்டும். யார் வர்றீங்க?