தட்டிய கை

முத்துக்குளித்துறை ஈன்ற கலைஞர் ஜே.பி. சந்திரபாபுவை நகைச்சுவை நடிகராகவே நாடு நினைவில் வைத்திருக்கிறது. அவர் இயக்குநராக நின்றதையும் எழுதுவோராகிய நாம் எண்ணிப் பார்த்தல் தகும்.

1927 ஆகஸ்டில், பனிமய மாதா திருவிழா நடைபெறும் திங்களில், தூத்துக்குடியில் கத்தோலிக்கப் பரதவர் குடும்பத்தில் அவர் பிறந்தார். இட்ட பெயர் பனிமயதாசன். மழலையில் கடுங்காய்ச்சல் கண்டு பிழைத்தபோது, இறைவன் அளித்த பிச்சை என்று கருதி ஜோசப் பிச்சை என அழைத்தனர். சந்திரகுலத்தார் என்னும் மரபினின்று சந்திரபாபு என்ற பெயரைப் பின்னாளில் சூடிக்கொண்டார். தந்தையார் ரோட்ரிக்ஸ் விடுதலைப் போராட்ட வீரர். ஆங்கில அரசின் சினத்திற்கு ஆளான அக்குடும்பம் கொழும்பில் வாழ நேர்ந்தது. சந்திரபாபுவின் கல்வியும் அங்கேயே அமைந்தது.

பின்னர் சென்னை வந்தவருக்கு 1947-இல் 'தன அமராவதி'யில் சிறு வாய்ப்புக் கிட்டியது. அதன்பின் கதவுகள் அடைபட்டே கிடந்தன. மனமுடைந்து 1952-இல் ஜெமினி நிலையத்தில் உயிர்விடத் துணிந்து, காப்பாற்றப்பட்டார். அவ்வாண்டே எஸ்.எஸ். வாசனின் 'மூன்று பிள்ளைகள்' படத்தில் இடம் பெற்றார்.

உடலையே மொழியாக்கியது அவர் கலை. விழுவதிலும் எழுவதிலும் தாளம் இருந்தது. தம் பாடல்களைத் தாமே பாடினார். தொண்டையை உடைத்து ஒலிக்கும் மேல்நாட்டு 'யோடலிங்' முறையைத் தமிழுக்குக் கொணர்ந்தார். 'சபாஷ் மீனா'வில் (1958) இரட்டை வேடம் பூண்டு, ரிக்‌ஷாக்காரராகச் சென்னைப் பேச்சைத் தம் பேச்சாக்கிக் காட்டினார்.

பிறரைச் சிரிக்கவைத்துப் பெற்ற புகழோடு அவர் நின்றுவிடவில்லை. எம்.ஜி.ஆரை நாயகனாகக் கொண்டு இயக்கத் தொடங்கிய 'மாடி வீட்டு ஏழை' முற்றுப்பெறாமல் நின்றது, கடன் மிஞ்சியது. 1966-இல் 'தட்டுங்கள் திறக்கப்படும்' படத்தைத் தாமே இயக்கி, சாவித்திரியுடன் நடித்தார். விவிலியத்தினின்று எடுத்த தலைப்பு அது. அப்படமும் ஓடவில்லை. வறுமையும் நோயும் சூழ, 1974 மார்ச் 8 அன்று 46-ஆம் வயதில் மறைந்தார்.

நம் கரையில் முத்துச்சிப்பியைத் திறவாமலே ஆயிரம் ஆயிரமாக ஏலம் விட்டனர். உள்ளே என்ன இருக்குமென்று அறியாமலே கைப்பொருளை வைத்தனர் கேட்டவர்கள். சந்திரபாபுவும் அவ்வாறே தம் ஈட்டத்தை வைத்தார். சிப்பி வெறுமையாகத் திறந்தது. பதில் வாராத கதவின் முன் நின்று எழுதுவோர் நம் வட்டத்திலும் உளர். அவர்கள்பொருட்டே அவர் வாழ்வை இம்மலரில் பதிக்கிறோம்.