கிறீன் வைத்தியரும் தமிழ் மருத்துவக் கலைச்சொல்லும்

அமெரிக்காவின் வூஸ்டர் நகரில் 1822இல் பிறந்த சாமுவேல் பிஸ்க் கிறீன் 1847இல் யாழ்ப்பாணம் அடைந்தார். மானிப்பாயில் அவரிடம் ஆங்கிலவழி மருத்துவம் பயின்றோர் அரசுப் பணியை நாடி ஊரைவிட்டு அகன்றனர். எனவே 1864 முதல் தமிழே பயிற்றுமொழியாயிற்று. மாந்தம், கணை, கரப்பான் எனத் தாயர் கூறும் குழந்தைநோய்ப் பெயர்களை விளங்கிக்கொள்ளாத மருத்துவர்க்கு நோய்வரலாறு கேட்டறிதலே அரிது.

கலைச்சொல்லாக்கத்தில் கிறீன் தமிழை முதலிலும் வடமொழியை அடுத்தும் நாடினார்; இரண்டும் உதவாவிடத்து ஆங்கில ஒலிபெயர்ப்பை ஏற்றார். ஆயினும் 'பிரசவ வைத்தியம்' (1857), 'மனுஷ அங்காதிபாதம்' (1872) முதலிய நூற்பெயர்களில் வடசொல்லே மேலோங்கி நிற்கிறது. 'கெமிஸ்தம்' (1875) ஒலிபெயர்ப்பின் வழிப்பட்டது. உடல்நலங் குன்றி 1873இல் தாயகம் மீண்ட பின்னரும் மொழிபெயர்ப்பை விடவில்லை. 'மனுஷ சுகரணம்' 1883இல் வெளிவந்தது. மறு ஆண்டு அவர் மறைந்தார்.